வெளியூர் ஆளுக்கு ஒரு பெட்டி

பெட்டிக்காரர் தெருவில் எதிரே வந்தால் ஆட்கள் தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்வார்கள். அவர் செய்வது சவப்பெட்டி. இருபது வருஷத் தொழில். ஒருவரைப் பார்த்ததும் அவருடைய நீளமும் தோளகலமும் பெட்டிக்காரர் கண்ணில் தானாக விழுந்துவிடும். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. தையற்காரர் சட்டையைப் பார்ப்பது போலத்தான். ஆனால் தையற்காரர் பார்த்தால் யாரும் நடையை எட்டிப் போடுவதில்லை.

வீட்டின் முன்பக்கம் பட்டறை. பின்பக்கம் அடுப்பு. நடுவில் ஒரு அறை. அந்த அறையில் சுவரோரமாக ஒரு பெட்டி பதினொரு வருஷமாகக் கிடந்தது. நீளம் ஏழடிக்கு நாலு விரல் குறைவு. உள்ளே பெட்டிக்காரர் மனைவி போர்வைகளும் வெங்காயமும் வைத்திருந்தாள். மேலே ஒரு பழைய விரிப்பு. மகள் அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள்.

அது பாதிரியாருடைய பெட்டி. பாதிரியாருக்குத் தெரியாது.

பாதிரியார் கப்பலில் வந்து இறங்கியபோது வயது இருபத்தேழு. உயரம் ஆறடி நாலங்குலம். அவர் ஊரில் அப்பா மாடு வைத்துப் பால் விற்றவர். எட்டுப் பிள்ளைகளில் படிக்கப் போனது இவர் ஒருவர்தான். நாற்பத்துமூன்று நாள் கடலில் வந்தார். கொண்டுவந்தது இரண்டு பெட்டி. ஒன்றில் புத்தகம், இன்னொன்றிலும் புத்தகம். இங்கே ஒரு கல்லூரி கட்டப்போகிறேன் என்று துறைமுகத்தில் சுமைகூலிகளிடமே சொன்னார். அவர்கள் சரி என்றார்கள்.

நான்காம் மாதம் காய்ச்சல் கண்டது. பத்தொன்பதாம் நாள் டாக்டர் கையை விரித்துவிட்டுப் பெட்டிக்காரருக்கு ஆள் அனுப்பினார். பெட்டிக்காரர் போய்க் கட்டிலோரம் நின்று முழக்கோலால் அளந்தார். கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டார். மறுநாள் மதியம் பெட்டி முடிந்தது. மூடியில் பெயரைச் செதுக்கி, கீழே பிறந்த வருஷத்தைச் செதுக்கி, ஒரு கோடு போட்டார். அங்கே உளியை நிறுத்திக்கொண்டார். வருஷம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. பாதிரியார் இந்த வருஷத்தில் போவாரா அடுத்ததில் போவாரா என்று சொல்ல முடியவில்லை.

மாலையில் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது பாதிரியார் கட்டிலில் உட்கார்ந்து அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தார். வண்டி வாசலோடு திரும்பியது.

அந்த நீளத்துக்கு ஊரில் வேறு ஆள் கிடையாது.

"வெட்டிச் சின்னதாக்கி யாருக்காவது குடுத்துடுங்களேன். வீட்டுல நடக்க இடமில்ல" என்றாள் மனைவி.

"ஒருத்தருக்கு அளந்ததை இன்னொருத்தருக்கு வெட்டக் கூடாது."

"வெட்டினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அது தொழில் இல்ல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாவுக்கும் பாதிரியார் பட்டறைக்கு வருவார். நடு அறையில் அவர் முட்டி இடிக்காமல் உட்கார இருந்த இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான். முதல் தடவை உட்காரும்போது விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"வெளியூர் ஆளுக்குங்க, ஐயா."

"நல்ல உயரம்."

"ஆமாங்க."

"வந்து எடுத்துக்கலையா?"

"அவருக்கு இன்னும் தோது படலீங்க."

பாதிரியார் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார்.

கல்லூரி என்று அவர் சொன்னது பத்து வருஷம் ஒரு பழைய உப்புக் கிடங்கில் நடந்தது. மாணவர்கள் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து கணக்கும் தத்துவமும் படித்தார்கள். வெயில் காலத்தில் எழுந்தால் சட்டையில் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். தன்னை அனுப்பிவைத்த திருச்சபைக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினார். கட்டடத்துக்கு உதவி கேட்டு எழுதினார். ஆறு வருஷம் எழுதியதில் ஒரு நீளக் கூடம் எழும்பியது. பிறகு சபை அவருக்கு எழுதியது. இந்த வருஷத்துக்குள் பல்கலைக்கழகம் அங்கீகாரம் தரவில்லையென்றால் கூடத்தைப் பூட்டிவிட்டு ஊர் திரும்பவும். அந்தக் கடிதத்தை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எதையாவது தேடும்போதெல்லாம் அதுதான் கையில் வந்தது.

அங்கீகாரத்துக்கு இருபது மாணவர்கள் வேண்டும். பத்தொன்பது பேர் இருந்தார்கள். பெட்டிக்காரர் மகள் இருபதாவது. பிறகு பெஞ்சு வேண்டும். பல்கலைக்கழக ஆய்வாளர் வந்து உட்கார்ந்து பார்ப்பாராம். ஊரில் கட்டில் நாற்காலி செய்கிறவர் துறைமுக வேலைக்குப் போய்விட்டார். பாதிரியாருக்குத் தெரிந்த இன்னொரு தச்சர் பெட்டிக்காரர்தான். இருவரும் சேர்ந்து நூறு பேரையாவது மண்ணுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"பெட்டிக்காரரே, பத்து பெஞ்சு வேணும். மேசையும் பெஞ்சும் ஒண்ணாச் சேர்ந்தது. பெஞ்சுக்கு ரெண்டு பேர்."

"யாருக்குங்க?"

"மாணவர்களுக்கு."

"அது சரிங்க. எந்த மாணவருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

பெட்டிக்காரர் முழக்கோலால் காதோரம் சொறிந்தார்.

"எல்லாருக்கும்னு நான் ஒண்ணும் செஞ்சதில்லீங்க. ஒரு ஆளைச் சொல்லுங்க. அந்த ஆளுக்குச் செய்றேன். அதே மாதிரி பத்து போட்டுடலாம்."

பாதிரியாருக்கு அன்று சுண்ணாம்பு அடிக்கிறவர் காத்துக்கொண்டிருந்தார். கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகியது.

"என்னையே அளந்துக்கோங்க" என்றார்.

"உங்க அளவு இருக்குங்க."

வாய் தவறி வந்துவிட்டது.

"எப்படி?"

மனைவி அடுப்படியிலிருந்து வேகமாக வந்தாள். "கண்ணால பாத்தே சொல்லிடுவாரு, ஐயா. டீ ஆறுது, குடிங்க."

"முட்டி உயரம்தான் இல்ல" என்றார் பெட்டிக்காரர். "படுத்திருக்கறவங்களுக்கு அது தேவைப்படாது பாருங்க."

பாதிரியார் தன் பெட்டிமேல் உட்கார்ந்தபடி காலைத் தரையில் நேராக ஊன்றினார். பெட்டிக்காரர் குனிந்து குதிகாலிலிருந்து முட்டிவரை அளந்துகொண்டார். எழுந்து போகும்போது பாதிரியார் சொன்னார். "அங்கீகாரம் கிடைச்சா நீங்கதான் கல்லூரித் தச்சர். அலமாரி, மேசை, கதவு எல்லாம் உங்க பொறுப்பு. வருஷம் பூரா வேலை இருக்கும்."

அவர் போனதும் மனைவி டீ டம்ளரை எடுக்க வந்தாள். அவள் கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "யாரு போனது?" என்றுதான். உப்பு வாங்க வந்திருக்கிறேன் என்றால், யார் வீட்டுக்கு என்பார்.

"இனிமே நான் கடைக்குப் போனா கடைக்காரன் என்ன கேப்பான்?"

"என்ன வேணும்னு கேப்பான்" என்றார் பெட்டிக்காரர்.

அவரும் மச்சினனும் ஏழு வாரம் வேலை பார்த்தார்கள். மச்சினன் மனைவியின் தம்பி. முப்பது வயது. ரம்பம் இழுப்பதில் கெட்டிக்காரன், யோசிப்பதில் இல்லை. மாதிரிக்கு ஒன்று செய்து பார்த்துவிட்டு, பிறகு பத்து செய்தார்கள். மூட்டுக்கு மூட்டு மரத்துக்குள் மரம் செருகி இறுக்கியது. ஆணி ஒன்றுகூட இல்லை. பெட்டிக்காரர் வேலையில் எப்போதும் ஒரு நிச்சயம் இருக்கும். செய்ததை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

ஆய்வாளர் வர மூன்று நாள் இருக்கும்போது பெஞ்சுகள் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பாதிரியார் பத்திலும் உட்கார்ந்து பார்த்தார். முட்டி எதிலும் இடிக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"இந்த ஊருக்கு வந்து பதினொரு வருஷம் ஆச்சு" என்றார். "இன்னைக்குத்தான் ஒழுங்கா உக்காந்திருக்கேன்."

பெட்டிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

மறுநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. மகள் கூடத்திலிருந்து நனைந்துகொண்டே வந்தாள். தலையைத் துவட்டவில்லை.

"அப்பா, உங்க பெஞ்சுல உக்காந்தா கால் தரையைத் தொடல."

"உனக்கா?"

"எல்லாருக்கும். இருபது பேரும் வரிசையா காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம். கிணத்துச் சுவர்ல உக்காந்த மாதிரி இருக்கு. எழுதினா மேசை கழுத்துக்கு வருது. கணக்கு வாத்தியார் உள்ள வந்து பாத்துட்டு, சிரிச்சுட்டு, வெளிய போய்ட்டாரு."

"ஐயா என்ன சொன்னாரு?"

"அவருக்குத் தெரியல. தரையில இருக்கற எல்லாமே அவருக்குத் தூரம்தானே."

பெட்டிக்காரர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"அளவு சரியாத்தான் எடுத்தேன்" என்றார்.

"சரியாத்தான் இருக்கு. அவருக்கு" என்றாள் மனைவி. "ஊரே அவரை அண்ணாந்து பாக்குது. அவர் முட்டியைப் போய் அளந்துக்கிட்டு வந்திருக்கீங்க."

"அவர்தானே சொன்னாரு."

"அவர் சொன்னாரு. அளந்த கை யாரோடது?"

"நாளன்னிக்கு ஆய்வாளர் வராரு" என்றாள் மகள். "வசதி இல்லேன்னு எழுதிட்டுப் போனா, ஐயா கப்பல் ஏறிடுவாரு. எங்களுக்குப் படிப்பு அத்தோட சரி."

"நமக்கும் அத்தோட சரி" என்றாள் மனைவி. "யாரு போனதுன்னு கேட்டா, கல்லூரி போச்சுன்னு சொல்லலாம்."

மச்சினன் மூலையிலிருந்து ரம்பத்தை எடுத்தான். "இதுக்கு எதுக்கு அத்தான் இவ்ளோ பேச்சு? கால வெட்டிட்டாப் போச்சு."

மாதிரிக்குச் செய்த பெஞ்சு பட்டறையில் கிடந்தது. அதில் வெட்டிப் பார்த்தார்கள். முக்கால் சாண் வெட்ட வேண்டியிருந்தது. நாலு காலையும் பிணைக்கிற குறுக்குச் சட்டமும் அதே உயரத்தில்தான் இருந்தது. வெட்டியதும் சட்டம் கழன்று கீழே விழுந்தது. பெஞ்சு ஆடியது. மச்சினன் நீளமான காலைக் கண்டுபிடித்து அதைக் கொஞ்சம் வெட்டினான். எதிர்ப்பக்கம் ஆடியது. அதை வெட்டினான். இப்போது குறுக்கே ஆடியது.

"அத்தான், இந்தக் காலு பொய் சொல்லுது."

"நிறுத்துடா."

"இன்னும் ஒரே ஒரு வெட்டு."

ஒரு மணி நேரத்தில் பெஞ்சு பூனை உட்காருகிற உயரத்துக்கு வந்துவிட்டது. அப்போதும் ஆடியது.

மழை நிற்கவில்லை. மனைவி கஞ்சி ஊற்றி வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. மச்சினன் மட்டும் இரண்டு கிண்ணம் குடித்தான்.

"கால் தரைக்கு வரலேன்னா தரையைக் காலுக்குக் கொண்டுவரணும்" என்றாள் மகள். "அந்தக் குறுக்குச் சட்டம் மேல ஒரு பலகை போட்டா போதும்ப்பா. கால் வெச்சுக்கலாம்."

"மேசை கழுத்துக்கு வருதே?"

"உக்கார்ற இடத்துல சாக்கு மடிச்சுப் போட்டுக்கறோம். பத்து வருஷமாச் சாக்குல உக்காந்த கூட்டம்தானே."

பெட்டிக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். பத்துப் பலகை. ஒவ்வொன்றும் மூன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. பட்டறையில் காய்ந்த மரம் ஒரு துண்டு இல்லை. மரக்கிடங்கில் இருந்ததெல்லாம் மழையில் ஊறிக்கிடந்தது. ஈர மரத்தில் பலகை போட்டால் இரண்டு நாளில் வில்லாக வளையும்.

"பதினொரு வருஷம் காஞ்ச மரம் கிடைச்சா நல்லாருக்கும்" என்றான் மச்சினன். அவன் சும்மாதான் சொன்னான்.

மனைவி எழுந்து நடு அறைக்குப் போனாள். விரிப்பை மடித்தாள். மூடியைத் திறந்து போர்வைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். பிறகு வெங்காயத்தை இரண்டிரண்டாக எடுத்துக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

பெட்டிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"ஒருத்தருக்கு அளந்ததை..."

"இன்னொருத்தருக்கு வெட்டக் கூடாது. தெரியும்." அவள் திரும்பவில்லை. "இப்போ யாருக்கு வெட்டப் போறீங்க? அவருக்குத்தானே?"

பெட்டிக்காரர் யோசித்தார். அதில் தவறு ஒன்றும் தெரியவில்லை. ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

மூடியைக் கிழித்ததில் ஆறு துண்டு. அடிப்பலகையில் நாலுதான் தேறியது. தோள்பக்கம் அகலம், கால்பக்கம் ஒடுக்கம் என்பதால் துண்டுகளும் அப்படியே வந்தன. பெயர் ஒரு துண்டிலும் வருஷம் ஒரு துண்டிலும் போயிற்று.

"செதுக்கின பக்கத்தைக் கீழ போட்டு மாட்டணும். ரெண்டு துண்டு இருக்கு. மறந்துடாத" என்றார் பெட்டிக்காரர் மச்சினனிடம்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா, அத்தான்?"

ஆய்வாளர் வரும் நாளன்று காலை பாதிரியார் அவரை அழைத்து வர ரயிலடிக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் பத்தையும் மாட்டினார்கள். அகலமானதிலிருந்து ஒடுங்கியதுவரை வரிசையாக வைத்தார்கள். பார்ப்பதற்கு, வேண்டுமென்றே செய்ததுபோல இருந்தது.

ஆய்வாளர் குடையோடு உள்ளே வந்தார். பெட்டிக்காரர் கூடத்தின் கடைசியில் கொட்டாப்புளிச் சுத்தியலைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். பார்த்ததும் அளவு விழுந்துவிட்டது. நாலடி பத்தங்குலம். ஆய்வாளரும் அவர் பார்ப்பதைப் பார்த்தார். எல்லாரும் குறுக்கிக்கொள்வார்கள். இவர் நிமிர்ந்துகொண்டார்.

தலைகளை எண்ணினார். இருபது. சுவரைத் தட்டினார். ஒழுகுகிற இடத்தின் கீழே வைத்திருந்த வாளியைப் பார்த்து ஏதோ எழுதினார். பாதிரியாரின் கை சட்டைப்பைக்குப் போய்ப் போய் வந்தது.

"உக்காந்து பாக்கலாமா?"

முதல் பெஞ்சில் பெட்டிக்காரர் மகள் எழுந்து இடம் விட்டாள். ஆய்வாளர் பெஞ்சின் உயரத்தை ஒரு பார்வை பார்த்தார். முகம் சுண்டியது. ஒரு கையை ஊன்றி ஏறி உட்கார்ந்தார். காலைத் தொங்கவிட்டார். கால் பலகைமேல் போய் நின்றது.

அவர் அசையவில்லை. குதிகாலை அழுத்திப் பார்த்தார். விரலை அழுத்திப் பார்த்தார். குறிப்பேட்டை மேசைமேல் வைத்தார்.

"இருபத்திரண்டு வருஷமா ஊர் ஊராப் போறேன்" என்றார். "எத்தனையோ கல்லூரி. எத்தனையோ நாற்காலி. ஒரு இடத்துலகூட என் கால் எதையும் தொட்டதில்ல. மரத்துப்போய்த்தான் எந்திரிப்பேன்."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மச்சினனுக்கு வந்தது. அக்கா அவன் காலை மிதித்தாள்.

"யாரோட யோசனை இது?"

பாதிரியார் அப்போதுதான் குனிந்து பலகைகளைப் பார்த்தார். அவருக்கே அது புதுச் செய்தி.

"கல்லூரித் தச்சரோடது" என்றாள் மகள். "எங்க அப்பா."

பெட்டிக்காரர் மனைவி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆய்வாளர் தலையாட்டினார். தன் காலடியைக் கவனித்தார். "இங்க ஏதோ செதுக்கியிருக்கே? ஒரு வருஷம். ஒரு கோடு."

பெட்டிக்காரர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கூரையைப் பார்த்தான்.

பாதிரியார் மண்டியிட்டார். அந்த எழுத்து அவருக்குத் தெரியும். நூறு மூடியில் பார்த்த எழுத்து. அந்த வருஷமும் தெரியும். ஓரமாக ஒரு வெங்காயத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தலையைத் தூக்கி வரிசையாகப் பத்துப் பலகையையும் பார்த்தார். தோளிலிருந்து கால்வரை.

"நான் பொறந்த வருஷம்" என்றார்.

"சரி. இந்தக் கோடு?"

வாளியில் சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. பாதிரியார் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"அதுக்கப்புறம் வேலை பாக்கி இருக்கு" என்றார்.

ஆய்வாளர் அதை ஏதோ ஞான வாக்கியம் என்று நினைத்துக்கொண்டார். குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார். டீ வந்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே குடித்தார். அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மாலையில் பாதிரியார் பட்டறைக்கு வந்தார். நடு அறையில் சுவரோரம் காலியாக இருந்தது. உட்கார இடமில்லாமல் தலையைச் சாய்த்து நின்றார்.

"பெட்டிக்காரரே, அந்த வெளியூர் ஆள் என்ன ஆனார்?"

பெட்டிக்காரர் இழைப்புளியை நிறுத்தவில்லை.

"இங்கயே தங்கிட்டாருங்க, ஐயா."

"அவருக்கு வேற ஒண்ணு செய்ய வேண்டாமா?"

"வேண்டாங்க" என்றாள் மனைவி உள்ளிருந்து. "நாற்காலி செஞ்சு குடுப்பாரு."

பாதிரியார் அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் இருந்தார். நூலகம் கட்டினார். அதன் ஏணியிலிருந்து இரண்டு முறை விழுந்தார். சபையோடு சண்டை போட்டார். கட்டடத்துக்குத் தன் பெயர் வைக்க வந்தவர்களை விரட்டினார். ஒரு தடவை தன் ஊருக்குப் போய் ஆறே வாரம் தங்கிவிட்டுத் திரும்பினார். அங்கே எல்லா நாற்காலியும் அளவாகத்தான் இருந்ததாம். உட்கார்ந்தால் பேச ஆளில்லையாம்.

அவர் இறந்தபோது கல்லூரித் தச்சருக்கு எழுபது தாண்டிவிட்டது. மனைவி போய் நாலு வருஷம். அவரே முழக்கோலை எடுத்துக்கொண்டு போனார். பழைய அளவு நினைவிருந்தது. ஆனாலும் புதிதாக அளந்தார். மூன்று விரல் குறைந்திருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் உளியும் கொட்டாப்புளியுமாகக் கூடத்துக்கு வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மகள்தான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தலை நரைத்திருந்தது. அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. முதல் பெஞ்சுக்கு அடியில் மெதுவாகப் படுத்து உள்ளே நகர்ந்தார்.

"காலைக் கொஞ்சம் தூக்கிக்கம்மா" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த மாணவியிடம்.

நாலு இலக்கம் செதுக்க வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் அன்று விட்ட இடம் சரியாக இருந்தது. உளியின்மேல் தட்டு விழுந்தது. மகள் பாடத்தை நிறுத்தவில்லை.

முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மட்டும் தூக்கினால் போதும். வகுப்பே காலைத் தூக்கிக்கொண்டிருந்தது.